லைனர் எத்தனை நாள் தாங்கும்?

ஜூன் 3, செவ்வாய்

வண்டி இன்று வீடு வந்து சேர்ந்தது. முன்பக்கத் தகரம் புதிது, கண்ணாடி புதிது, நான்கு பிரேக் டிரம்முக்கும் உள்ளே உரசிப் பிடிக்கிற லைனர் புதிது. வாசலில் நிறுத்தித் தேங்காய் உடைத்தேன். ஆழியாறு அணைப் பக்கமிருந்து காற்று குளிர்ச்சியாக வீசிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, வண்டியை அதன்மேல் ஏற்றச் சொல்லி என்னிடம் சாவியைக் கொடுத்தார். ஏற்றினேன்.

இந்த டைரியைக் கொடுத்தது பட்டறைக்காரர் பவுலோஸ் அண்ணன். வருஷம் பாதி போனபிறகு டைரி எதற்கு என்று கேட்டேன். லைனர் மாற்றுகிற தேதியை எழுதி வைத்தால் எத்தனை நாள் தாங்குகிறது என்று நமக்கே புரியும் என்றார். எழுத உட்கார்ந்த பிறகு மற்றதையும் எழுதலாம் என்று தோன்றுகிறது.

எங்களுடையது ரெக்கவரி வண்டி. பின்னால் ஒரு சின்ன கிரேன், வளையாத இரும்பு இழுவைக் கம்பி, சங்கிலி. வால்பாறை மலைப்பாதையில் லாரியோ வேனோ எது நின்றுபோனாலும் கட்டி இழுத்து ஆழியாறு அடிவாரத்துக்குக் கொண்டுவருவதுதான் தொழில். வண்டி வாங்கிய வருஷம் நாங்கள் இருவரும் சேர்ந்தேதான் கனரக உரிமம் எடுத்தோம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கூப்பிட்டால் நான் ஓட்டுவேன். மலைக்கு அவர். யாரும் பேசி வைத்ததில்லை, அப்படியே பழகிவிட்டது.

மே மாதக் கடைசியில் தேயிலை லாரி ஒன்றை இழுத்து வரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. லைனர் தேய்ந்திருந்தது அவருக்குத் தெரியும். இன்னும் ஒரு மாசம் ஓடும் என்று நினைத்திருந்தார். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடு. மேட்டில் கொண்டுபோய் மோதி நிறுத்தினார். பின்னால் லாரியில் உட்கார்ந்திருந்த டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவருக்கு நெற்றியில் சின்ன வெட்டு.

தினமும் மாசாணியம்மனைக் கும்பிடும்போது அந்த மண்மேட்டையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

மலையிலிருந்து முதல் அழைப்பு. காய்கறி வேன், ஆக்ஸில் உடைந்துவிட்டதாம். அவர் கிளம்பிப் போனார். நான் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது. வனத்துறைச் சோதனைச்சாவடிவரை போய்த் திரும்பிவிட்டார். பிரேக் பெடல் அடிவரை உள்ளே போகிறது என்றார்.

பவுலோஸ் அண்ணன் வந்து நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. தூசியை ஊதிவிட்டு மூடினார். அதற்குள் வேனை வேறு யாரோ போய் எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் பருப்பு வடை சுட்டேன். மழை நாளில் மனுஷன் வீட்டில் இருப்பதும் நல்லதுதான்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. துணி எதுவும் காயவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இன்று ஒரு ஜீப்பை இழுத்துக்கொண்டு வந்தார். சின்ன வண்டி, பத்திரமாகக் கொண்டுவந்தார். ஆனால் வீட்டுக்கு வராமல் நேராகப் பட்டறைக்குப் போய் லைனரை மாற்றச் சொல்லியிருக்கிறார். போட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது.

நான் சோற்றுப் போசியோடு பட்டறைக்குப் போனபோது பவுலோஸ் அண்ணன் வேலையைத் தொடங்காமல் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை நாள்தான் தாங்கும் அண்ணா என்று நானே கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன். சமவெளியில் ஓடுகிற சுமை லாரிக்கு ஒரு வருஷம்கூடத் தாங்கும். கம்பெனிக்காரர்கள் சொல்வது அந்தக் கணக்கு. இழுவை வண்டி தன் பாரத்தோடு பின்னால் வருகிற வண்டியின் பாரத்தையும் சேர்த்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதிலும் இறக்கம் என்றால் சூடு. சூடுதான் லைனரைத் தின்கிறது. சூடு மிஞ்சினால் லைனர் கனமாக இருந்தாலும் மேல்பக்கம் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும், பிடிக்காது. ஒரே மாதிரி இரண்டு வண்டி இருந்தால், காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்குகிறவனுக்கு மூன்று மாசத்தில் போய்விடும், கியரைக் குறைத்து, விட்டு விட்டு மிதிக்கிறவனுக்கு எட்டு மாசம் வரும்.

“கிலோமீட்டர் கணக்கெல்லாம் மலையில செல்லாதுங்க. அப்பப்பத் தொறந்து பாக்கணும், அவ்வளவுதான். நான் பாத்துட்டேன், நல்லா இருக்குது” என்றார்.

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “மாத்தீருங்க” என்றார்.

மாற்றினார்கள். ஜூன் 17, நான்கு சக்கரமும்.

ஜூன் 26, வியாழன்

மறுபடி மாற்றியாயிற்று. இடையில் மலைக்கு ஒரே ஒரு தடவைதான் போனார்.

பட்டறையிலிருந்து நான் கிளம்பும்போது பவுலோஸ் அண்ணன் கழற்றிய லைனரில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. விளிம்பில் கம்பெனி போட்ட எழுத்துகூட அழியவில்லை. “இத வீட்டுல கொண்டுபோய் வெச்சு நிதானமாப் பாருங்க சாந்தாமணி” என்றார். பார்க்க என்ன இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவருக்கு முழங்கால் வலி. மழைக்காலத்தில் யாருக்கும் வருவதுதான். தைலம் தேய்த்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

இன்று நானும் கூடப் போனேன். மேலே ஒரு டெம்போ நின்றிருந்தது. முதல் சில வளைவுகள் நன்றாகத்தான் ஏறினார். அணை முழுவதும் தெரிகிற காட்சிமுனையில் வண்டியை ஓரம் கட்டினார். வரையாடு நிற்கிறது, இறங்கிப் பார் என்றார். பாறை ஓரம் ஏழெட்டு நின்றன, இரண்டு குட்டிகள். ஒரு குட்டி செங்குத்துப் பாறையில் தாயைத் தாண்டி ஓடியது. வெகுநேரம் பார்த்தோம். டெம்போக்காரர் இரண்டு முறை போன் செய்தார். கீழிருந்து மூடுபனி ஏறியது. இந்தப் பனியில் இறக்குவது சரிவராது என்று சொல்லித் திரும்பினார்.

வரும்போது ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் திறந்திருந்தது, சாரல் உள்ளே அடித்திருக்கும்.

இத்தனை வருஷமாக இந்த மலையடியில் இருந்தும் குட்டியோடு வரையாட்டைப் பார்த்ததில்லை. நல்ல நாள்.

ஜூலை 8, செவ்வாய்

கோட்டூரில் தேங்காய் லாரி ஒன்று கியர்பாக்ஸ் போய் நின்றது. பொள்ளாச்சிவரை நான்தான் இழுத்துப் போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழி நெடுக ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திரும்பும்போது கடையில் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பிடிக்குமென்று வழுக்கையைச் சுரண்டி ஓட்டில் வைத்துக் கொடுத்தார்.

ஜூலை 14, திங்கள்

நான்கு நாளாக மலையிலிருந்து அழைப்பே இல்லை. இந்த மழையில் அது எப்படி என்று யோசித்தேன். இன்று அரிசி டப்பாவுக்குப் பின்னால் தொழில் போன் அணைத்து வைத்திருந்தது. ஆன் செய்தேன். தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன.

அவர் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். அவராகத்தான் சொன்னார்.

“காலு மிதிக்குது சாந்தா. பிரேக்கும் புடிக்குது. வண்டி நிக்கறதக் கண்ணால பாக்கறேன். ஆனா புடிக்கறாப்பல எனக்குத் தெரியறதில்ல. ஒவ்வொரு வளவுலயும் உளுந்துட்டே இருக்கறாப்பல இருக்குது. பவுலோசு என்னத்தக் கழட்டி என்ன பண்ணுவாரு.”

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அன்றிலிருந்து என்றார். ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டார்களே, இதையும் அங்கேயே சொல்லியிருக்கலாமே என்றேன். இதை எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் பார்த்ததாக எழுதப்போவதில்லை. குழம்பைக் கொதிக்க வைத்தேன். இரண்டு பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். என்னிடம் சொன்னாரே, அது போதும்.

ஜூலை 19, சனி

கை வலிக்கிறது. ஆனாலும் இதை இன்றைக்கே எழுத வேண்டும்.

காலையில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். சோதனைச்சாவடியிலிருந்து போன். பதின்மூன்றாவது வளைவுக்குமேல் ஒரு சுற்றுலாப் பேருந்து குறுக்கே நிற்கிறது. இறங்கும்போதே சக்கரத்தில் புகை வந்திருக்கிறது, பிறகு பிரேக்குக்குக் காற்று போகிற குழாய் வெடித்து, காற்று இறங்கியதும் சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொண்டன. ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் பாதை முழுக்க அடைபட்டுவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து வர வேண்டிய இழுவை வண்டி வேறெங்கோ போயிருக்கிறது. பேருந்துக்குப் பின்னால் ஒரு ஜீப். அதில் டயாலிசிஸுக்குப் போகிற எஸ்டேட் தொழிலாளி ஒருவர். ஏற்கெனவே ஒரு முறை தவறிவிட்டது, இன்று கட்டாயம் போயாக வேண்டும், மூச்சு வாங்குகிறது, இறங்கி நடக்க முடியாது என்றார்கள்.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தார். அதைச் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“முன்னால ஒக்கார என்னால ஆவாது. நீ ஓட்டு. பஸ்சுல நான் ஒக்காந்துக்கறேன்.”

மாவுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

ஏறும்போது அவர் பேசிக்கொண்டே வந்தார். எந்த வளைவில் எவ்வளவு அகலமாக எடுக்க வேண்டும், எங்கே தண்ணீர் வழிகிறது, எந்தக் கியரில் ஏறினோமோ அதைவிட ஒன்று குறைத்தே இறங்க வேண்டும் என்றெல்லாம். பாதை முழுவதும் அவருக்கு மனப்பாடம். பேருந்துக்குக் கீழே அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே ஏற்றிக்கொண்டு போனேன். அவர் இறங்கி நடந்து கைகாட்டி வந்தார்.

பேருந்தின் சக்கரத்தருகே போனதும் கருகிய வாடை. பையன் என்று சொல்ல முடியாது, முப்பது வயதிருக்கும் அந்த டிரைவருக்கு; ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இவர் அவர் தோளில் கைவைத்து ஏதோ சொன்னார். பிறகு மழையில் மல்லாக்கப் படுத்துப் பேருந்தின் அடியில் போய், வெடித்த குழாயை மடித்துக் கட்டி அடைத்தார். எங்கள் வண்டியிலிருந்து காற்றுக் குழாயை இழுத்து அதில் மாட்டினார். காற்று ஏறியதும் பூட்டிய சக்கரங்கள் விட்டுக்கொடுத்தன. இழுவைக் கம்பியை மாட்டினோம். பின்சக்கரத்து பிரேக் மட்டும்தான் பேருந்தில் வேலை செய்கிறது, மீதி உன்னுடையது என்றார். மலையில் போனில் சிக்னல் கிடையாது. அதனால் நிதானம் வேண்டுமென்றால் ஒரு ஹாரன், சரியாக இருக்கிறது என்றால் இரண்டு ஹாரன் என்று பேசிக்கொண்டோம்.

பேருந்து டிரைவர் தானே ஸ்டியரிங்கில் உட்காருவதாகச் சொன்னார். இவர் வேண்டாம் என்றார். ஏறுவதற்குமுன் என் ஜன்னல் பக்கம் வந்து, “நீ உன்ற வண்டிய மட்டும் பாரு. பஸ்ஸ நான் புடிச்சுக்கறேன்” என்றார். மழைத்தண்ணீர் அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது கியர். நகர்ந்ததும் பின்னாலிருந்து பாரம் வந்து முதுகில் உட்கார்ந்தது. சமவெளியில் எத்தனையோ லாரி இழுத்திருக்கிறேன், அங்கே பாரம் பின்னுக்கு இழுக்கும். இங்கே முன்னுக்குத் தள்ளுகிறது. மிதித்தேன், பிடித்தது. விட்டேன். மறுபடி மிதித்தேன். முதல் வளைவுக்குமுன் ஒரு ஹாரன். இன்னும் குறைத்தேன். வளைவு திரும்பியதும் பேருந்தின் பின்பாரம் உதறியது. அந்த நொடியில் அவர் அங்கே பிரேக்கைப் பிடித்தது இழுவைக் கம்பி வழியாக எனக்குத் தெரிந்தது. யாரோ பின்னாலிருந்து சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினாற்போல. பிறகு இரண்டு ஹாரன்.

அப்படியே வளைவு வளைவாக இறங்கினோம். நான் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் பனிக்குள்ளே பேருந்தின் பெரிய கண்ணாடியும் அதற்குப் பின்னால் அவருடைய சிவப்புத் துண்டும் தெரிந்தன.

காட்சிமுனையில் ஓரம் கட்டி வழிவிட்டோம். மேலே அடைபட்டிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஜீப் முதலில் வந்தது. பின் இருக்கையில் ஒருவர் கண்மூடிச் சாய்ந்திருந்தார். அவர் தலையை மடியில் தாங்கியிருந்த அம்மாள், கை எடுக்க முடியாமல், தலையை மட்டும் எங்களைப் பார்த்துக் குனிந்தார்.

டிரம் ஆறும்வரை அங்கேயே நின்றோம். சூட்டில் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது, டிரம் வெடித்துவிடும் என்று இவர் பேருந்து டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் எங்கள் இருவருக்கும் எங்கிருந்தோ டீ வாங்கி வந்தார். மத்தியானம் அடிவாரம் வந்து சேர்ந்தோம்.

வண்டியை விட்டு இறங்கியதும் அவர் என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் ஓட்டினேன்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று பாதியில் விட்ட மாவு புளித்துப்போய்விட்டது. தோசை வார்த்தேன். அவர் எட்டு தோசை சாப்பிட்டார்.

ஜூலை 26, சனி

பவுலோஸ் அண்ணன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். லைனர் நன்றாகத் தேய்ந்திருக்கிறது, ஆனால் நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது என்றார். ஒரே சீராக என்றால் நல்லதா என்று கேட்டேன். நிதானமாக மிதித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம் என்றார். இன்னும் இரண்டு மாசம் கவலையில்லை, பிறகு திறந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். நான் இவர் என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன். அவர் குனிந்து லைனரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “செரி, மூடீருங்க” என்றார்.

இன்று மாற்றவில்லை.

பட்டறையிலிருந்து நேராகப் பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடம் போனோம். இப்படிப்பட்ட விபத்துக்குப் பிறகு பயம் தங்கிவிடுவது நிறையப் பேருக்கு நடப்பதுதான், பேசிப் பேசிச் சரிசெய்யலாம், மாதம் இரண்டு முறை வாருங்கள் என்றார். அவசரப்பட்டு மலையில் ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார். வெளியே வந்து அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, இதற்கும் ஒரு டாக்டர் இருக்கிறார் பாரேன் என்றார். டோக்கன் போட்டுக் கொடுத்த பெண்ணுக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றில் நல்ல தண்ணீர். காலையில் படித்துறையில் தேங்காய் பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு மலைக்குக் கிளம்பினோம். இழுக்க வண்டி எதுவும் இல்லை, விருந்துக்குத்தான். ஜீப்பில் பார்த்த அந்த அம்மாள் சாவடியில் விசாரித்து எங்கள் நம்பரை வாங்கிப் போன வாரம் கூப்பிட்டிருந்தார். பெயர் மரியபுஷ்பம். வீட்டுக்காரர் ஞானமுத்து. இரண்டு பேரும் தேயிலை எஸ்டேட்டில் வேலை. லயன் என்கிற வரிசை வீட்டில் இரண்டே அறை, சுவரெல்லாம் பச்சை வண்ணம், வாசலில் டப்பாக்களில் ரோஜா.

ஞானமுத்து எழுந்து நடமாடுகிறார். அன்றைக்கு இன்னும் தாமதமாகியிருந்தால் நுரையீரலில் நீர் ஏறியிருக்கும் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது மரியபுஷ்பம் சிரித்துக்கொண்டே சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினார். நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம், பீன்ஸ் பொரியல். ஞானமுத்துவுக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாக. வாரத்துக்கு இரண்டு முறை அந்தப் பாதையில் போய் வருகிறோம், இன்றைக்கும் ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொள்வேன், உங்களுக்கெல்லாம் எப்படித்தான் தைரியமோ என்று எங்களிடம் கேட்டார்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

“எனக்கும் பயந்தானுங்க. இப்ப மலையில நான் ஓட்டறதில்லீங்க. இவதான் ஓட்டறா.”

டாக்டரைத் தவிர வெளியாள் ஒருவரிடம் அவர் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரியபுஷ்பம் ஒரு நொடி கரண்டியோடு நின்றார். பிறகு, “அப்ப எம்பக்கம் ஒரு ஆளு இருக்கீங்க அண்ணே” என்று சொல்லி அவர் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். ஞானமுத்து சிரித்தார். இவரும் சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

வரும்போது ஒரு பை நிறையத் தேயிலைத்தூள் கொடுத்தார்கள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

இறங்க ஆரம்பிக்கும்போது மழை விட்டு வெயில் அடித்தது. நான் இரண்டாவது கியரிலேயே வந்தேன். ஜூலை பத்தொன்பதாம் தேதி பற்றி எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அன்றைக்கு முதல் வளைவில் எனக்கும் பயம்தான். கால் வெடவெடவென்று ஆடியது. பின்னால் அவர் பிடித்த பிடி தெரிந்த பிறகுதான் ஆட்டம் நின்றது. இதை அவரிடம் சொல்லலாம் என்று பாதி வழியில் வாயைத் திறந்தேன்.

பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். தேயிலைப் பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு, தலை ஜன்னலில் சாய, வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் தூங்கிப்போயிருந்தார். வளைவு வந்தது. மெதுவாக மிதித்து, அவர் தலை ஆடாமல் திருப்பினேன்.